நாள்களைக் குறித்த வழக்கு: ஓய்வுநாளும் பண்டிகைகளும் பற்றிய ஒரு திருச்சபை வரலாற்று ஆய்வு

முன்னுரை

ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் பிறக்கும்போது நம் சபைகளில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன. கிறிஸ்து பிறப்புப் பண்டிகை புறச்சமயத்தாரின் சூரிய விழாவிலிருந்து வந்ததன்றோ, அதை விசுவாசிகள் கொண்டாடலாமா என்பது ஒன்று. பத்துக் கற்பனைகளில் ஏழாம் நாளை ஆசரிக்கும்படி கட்டளையிருக்க, நாம் வாரத்தின் முதலாம் நாளில் கூடுவது எவ்வாறு தகும் என்பது மற்றொன்று. இக்கேள்விகளைத் தாங்கிய துண்டுப் பிரதிகள் வீடுவீடாக வழங்கப்படுவதும், அவற்றைப் படித்த விசுவாசிகள் கலங்கி ஆயரை நாடி வருவதும் நாம் அறிந்தவையே.

ஆயர்கள் பலர் இவற்றை வெவ்வேறான இரு கேள்விகளாகக் கருதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடை தருகின்றனர். ஆயினும் இரண்டிற்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வியாகும்: ஒரு நாளைப் பரிசுத்தமானதென்று பிரித்து வைக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? திருமறையின் வெளிப்படையான கட்டளைக்கு மட்டுமா, அல்லது திருமறையின் ஒளியில் நடக்கும் திருச்சபைக்குமா? இவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, ஒரு நாட்டின் அரசையும் சபையையும் தெருவையும் கலக்கிய காலம் ஒன்று உண்டு. அதுவே பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து. அங்கு நடந்த வழக்கை நடுவில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆதித் திருச்சபையின் நிலை

புதிய ஏற்பாட்டில் வாரத்தின் முதலாம் நாள் தனிச் சிறப்புப் பெற்றிருப்பதைக் காண்கிறோம். துரோவாவில் அப்பம் பிட்கச் சீஷர்கள் கூடியது அந்நாளில் (அப். 20:7). எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைச் சேர்த்து வைக்கப் பவுல் குறித்தது அந்நாளை (1 கொரி. 16:2). பத்மு தீவில் யோவான் ஆவிக்குள்ளானது கர்த்தருடைய நாளில் (வெளி. 1:10). ஆயினும் ஓய்வுநாள் சனியிலிருந்து ஞாயிற்றுக்கு மாற்றப்பட்டது என்று கூறும் கட்டளை வாக்கியம் ஒன்றும் புதிய ஏற்பாட்டில் இல்லை. மறுபுறம், பண்டிகையையும் மாதப்பிறப்பையும் ஓய்வுநாளையும் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்ற பொருளில் பவுல் கொலோசெயருக்கு எழுதுகிறார் (கொலோ. 2:16,17). நாள்களை விசேஷித்துக்கொள்வோரும் விசேஷித்துக்கொள்ளாதோரும் கர்த்தருக்கென்றே செய்கின்றனர் என ரோமருக்கு எழுதுகிறார் (ரோமர் 14:5,6). நாள்களையும் மாதங்களையும் பார்க்கத் தொடங்கிய கலாத்தியரையோ கண்டிக்கிறார் (கலா. 4:10). நாள் ஒன்றே, ஆனால் அதை மீட்புக்குரிய நிபந்தனையாக்குவது கண்டனத்துக்குரியது, கர்த்தருக்கென்று ஆசரிப்பது ஏற்புக்குரியது.

கி.பி. 150 அளவில் உரோமையில் எழுதிய யுஸ்தீன், சூரியனுடைய நாள் எனப்பட்ட நாளில் நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடினர் என்றும், அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் நூல்களும் வாசிக்கப்பட்டன என்றும், அப்பமும் இரசமும் பகிரப்பட்டன என்றும், ஏழைகளுக்கெனக் காணிக்கை சேர்க்கப்பட்டது என்றும் கூறுகிறார். தேவன் ஒளியைப் படைத்ததும் கிறிஸ்து உயிர்த்தெழுந்ததும் அந்நாளிலேயே என்பது அவர் தரும் காரணம். ஆகவே கொன்ஸ்தந்தீன் பேரரசனே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை ஏற்படுத்தினான் என்னும் கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது. 321ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவன் பிறப்பித்த ஆணை செய்தது வேறு. அதுவரை ஞாயிறு கூடுகையின் நாளாக மட்டும் இருந்தது. அடிமைகளும் உழைப்பாளரும் வேலைக்குச் செல்லுமுன் விடியற்காலையில் கூடினர். கொன்ஸ்தந்தீன் அதை நீதிமன்றங்களுக்கும் நகரத்தாருக்கும் கைத்தொழிற் கூடங்களுக்கும் ஓய்வின் நாளாக்கினான். உழவருக்கு மட்டும் பருவம் தவறாதிருக்க விலக்களித்தான்.

பண்டிகைகளைக் குறித்தும் ஆதித் திருச்சபையில் ஒரே வழக்கம் நிலவவில்லை. ஆசியாவின் சபைகள் நீசான் மாதம் பதினான்காம் நாளிலேயே பஸ்காவை ஆசரித்தன; உரோமை அதை ஞாயிற்றுக்கிழமையில் ஆசரித்தது. 155 அளவில் சிமிர்னாவின் பொலிக்கார்ப்பு உரோமைக்குச் சென்று அனிசேத்துவைக் கண்டபோது, ஒருவரையொருவர் இணங்கவைக்க இயலாதிருந்தும், ஐக்கியம் குலையாமல் பிரிந்தனர். 190 அளவில் உரோமைப் பேராயர் விக்டர் ஆசியச் சபைகளை விலக்க முற்பட்டபோது, லியோனின் இரேனேயு அந்த முன்மாதிரியை நினைவூட்டி அவரைக் கடிந்துகொண்டார். ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோக்கிராத்து, அப்போஸ்தலரின் நோக்கம் பண்டிகை நாள்களுக்குச் சட்டம் வகுப்பதன்று, பக்தியுள்ள வாழ்வைக் கற்பிப்பதே என்றும், பண்டிகைகள் அந்தந்த இடத்து வழக்கத்தால் வளர்ந்தவை என்றும் எழுதினார். எத்தியோப்பியத் திருச்சபையோ சனி, ஞாயிறு ஆகிய இரண்டையும் ஆசரித்து, 1450இல் தெப்ரே மித்மாக் சங்கத்தில் அதை உறுதிப்படுத்திற்று.

2. சீர்திருத்தக் காலத்தின் இரு நெறிகள்

இடைக்காலத்தில் பரிசுத்தவான்களின் திருநாள்கள் பெருகின. அவற்றை ஆசரிப்பது புண்ணியச் செயல் என்றும், ஆசரியாதிருத்தல் சாவான பாவம் என்றும் போதிக்கப்பட்டது. சீர்திருத்தவாதிகள் இதை எதிர்த்ததில் ஒருமனமாயிருந்தனர். ஆனால் எஞ்சியவற்றை என்ன செய்வது என்பதில் வேறுபட்டனர்.

1530ஆம் ஆண்டு அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 28ஆம் பிரிவு இதுபற்றித் தெளிவாகப் பேசுகிறது. ஓய்வுநாளுக்குப் பதிலாக ஞாயிறு கட்டாயமாக நியமிக்கப்பட்டது என எண்ணுவோர் தவறுகின்றனர் என்றும், மக்கள் எப்போது கூடவேண்டும் என்று அறியும் ஒழுங்கிற்காகத் திருச்சபை அந்நாளைத் தெரிந்துகொண்டது என்றும் அது கூறும். லூத்தரன் நெறியில், திருமறை விலக்காததும் மனச்சாட்சியைச் சுமையாக அழுத்தாததுமான வழக்கம் நிலைக்கலாம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு இந்நெறியில் வளர்ந்தவரே.

சுவிட்சர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் மற்றொரு நெறி வளர்ந்தது. ஆராதனையில் தேவன் கட்டளையிடாதது யாவும் விலக்கப்பட்டதே என்பது அதன் அடிப்படை. ஜெனீவா நகர மன்றம் 1550இல் ஞாயிறு நீங்கலாக எல்லாப் பண்டிகைகளையும் நீக்கிற்று. அதைத் தாம் தூண்டவில்லை என்று கால்வின் நண்பருக்கு எழுதியிருப்பது கருதத்தக்கது. ஸ்காட்லாந்தின் 1560ஆம் ஆண்டு ஒழுங்குநூல் கிறிஸ்து பிறப்பு முதலிய நாள்களைத் திருமறை ஆதாரமற்றவை எனத் தள்ளிற்று. 1566இல் இரண்டாம் ஹெல்வேத்திய அறிக்கையை ஏற்ற ஸ்காட்லாந்துப் பொதுச்சங்கம், பண்டிகைகளுக்கு இடமளிக்கும் பகுதியை மட்டும் ஏற்க மறுத்தது. 1618இல் அரசன் ஜேம்ஸ், பெர்த் நகரில் கூடிய சங்கத்தின் வாயிலாக ஐந்து திருநாள்களைத் திணித்தான். 1638இல் கிளாஸ்கோ சங்கம் அவற்றை மீண்டும் நீக்கியது. அந்நாட்டில் கிறிஸ்து பிறப்பு நாள் பொது விடுமுறையானது 1958ஆம் ஆண்டிலேயாம்.

3. இங்கிலாந்தில் எழுந்த சிக்கல்

இங்கிலாந்துத் திருச்சபை பொது ஜெபப் புத்தகத்தின் வழியே முக்கியப் பண்டிகைகளைக் காத்து வந்தது. அதற்குள்ளிருந்த தூய்மைவாதிகளோ, திருநாள்களைக் குறைத்து ஞாயிற்றை உயர்த்த விரும்பினர். 1595இல் நிக்கொலஸ் பௌண்ட் என்னும் குருவானவர் ஓய்வுநாள் உபதேசத்தைக் குறித்து ஒரு பெருநூலை வெளியிட்டார். நான்காம் கற்பனை யூதருக்கு மட்டும் உரிய சடங்கன்று, எக்காலத்துக்கும் உரிய ஒழுக்கச் சட்டம். ஏழில் ஒரு நாளை முழுவதும் தேவனுக்கென்று விடுவது மாறாத கடமை. அந்நாள் அப்போஸ்தலரால் ஞாயிற்றுக்கு மாற்றப்பட்டது என்பன அவருடைய வாதங்கள். இங்கிலாந்து சமய வாழ்வில் இந்நூல் ஆழ வேரூன்றியது.

ஆனால் கற்பனை மாறாததென்றால், அது குறிக்கும் நாள் மட்டும் மாறியது எவ்வாறு? இக்கேள்வியைப் பௌண்டின் வாசகர்களுள் சிலர் விடவில்லை. ஜான் டிராஸ்க் என்னும் பிரசங்கியைச் சார்ந்தோர் சனிக்கிழமையையும் லேவியராகம உணவு விதிகளையும் ஆசரிக்கத் தொடங்கினர். 1618இல் நட்சத்திர மன்றம் டிராஸ்க்கிற்குக் கசையடியும், காதை ஆணியால் அறைதலும், யூதன் என்னும் சொல்லின் முதலெழுத்தை நெற்றியில் சூடிடுதலும் தண்டனையாக விதித்தது. அவர் பின்னர் தம் கொள்கையை விட்டுவிட்டார். அவர் மனைவியோ விடவில்லை. நெடுங்காலம் சிறையிலிருந்து அங்கேயே இறந்தார்.

1628இல் தியோபிலஸ் பிராபோர்ன் என்பவர் இக்கொள்கையை அமைதியான தருக்க முறையில் எழுதி வெளியிட்டார். நான்காம் கற்பனை ஒழுக்கச் சட்டமாயின் ஏழாம் நாளே அதன் பொருள். சடங்குச் சட்டமாயின் ஞாயிற்றை அதன் பேரால் கட்டாயப்படுத்த இயலாது என்பது அவர் வாதத்தின் சாரம். 1632இல் வந்த தம் அடுத்த நூலை அவர் அரசன் முதலாம் சார்லஸுக்கே அர்ப்பணித்தார். உயர் ஆணைய நீதிமன்றம் அவரை அழைத்து விசாரித்துப் பணியவைத்தது. அவருக்கு மறுமொழியாக ஈலியின் பேராயர் பிரான்சிஸ் ஒயிட் 1635இல் ஒரு நூல் எழுதினார். அந்நூலின் கூர்மை தூய்மைவாதிகளின் மேலேயே பாய்ந்தது. தூய்மைவாதிகளின் அடிப்படையை ஏற்றால் பிராபோர்னின் முடிவைத் தவிர்க்க முடியாது; ஞாயிறு நிற்பது அப்போஸ்தலர் காலமுதல் வரும் திருச்சபையின் வழக்கத்தாலும் அதிகாரத்தாலுமே என்றார் அவர்.

4. உழைப்பவனுக்கு எந்த நாள்?

இவ்வழக்கு கல்விமான்களுடைய நூல்களோடு நின்றிருந்தால் நாட்டைக் கலக்கியிராது. அது ஏழையின் ஓய்வைத் தொட்டது. 1617இல் லங்காஷயர் வழியாகச் சென்ற அரசன் ஜேம்ஸிடம், ஞாயிறு மாலையில் விளையாட அனுமதியில்லை என்று மக்கள் முறையிட்டனர். 1618இல் அவன் விளையாட்டுகளைக் குறித்த அறிக்கையை வெளியிட்டான். ஆராதனை முடிந்தபின் நடனம், வில்வித்தை, தாண்டுதல் முதலியன நடக்கலாம். கரடிகளையும் காளைகளையும் நாய்களால் கடிக்கவிடும் கேளிக்கை கூடாது. ஆறு நாளும் பிழைப்புக்காக உழைக்கும் எளியவன் ஞாயிற்றிலும் திருநாளிலும் அன்றி வேறெப்போது தன் உடலுக்குப் பயிற்சி கொடுப்பான் என்று அவ்வறிக்கை வினவிற்று. 1633இல் சார்லஸ் அதை மீண்டும் வெளியிட்டு, ஆலயங்களில் வாசிக்கும்படி செய்தான். மனச்சாட்சியின் பொருட்டு வாசிக்க மறுத்த குருமார் பலர் பணிநீக்கம் பெற்றனர். 1643இல் பாராளுமன்றம் அவ்வறிக்கையைத் தூக்கிலிடுவோன் கையால் எரிக்கக் கட்டளையிட்டது.

உள்நாட்டுப் போர் மூண்டு பாராளுமன்றத்தின் கை ஓங்கியபோது பண்டிகைகளின் முறை வந்தது. ஒவ்வொரு மாதமும் கடைசிப் புதன்கிழமை உபவாச நாளாக ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. 1644இல் டிசம்பர் 25 அந்தப் புதன்கிழமையிலேயே வந்தது. அந்நாளை உபவாசமாகவே ஆசரிக்க வேண்டும் என்றும், கிறிஸ்துவின் நினைவென்று சொல்லிக்கொண்டு முன்னோர் மாம்சக் களியாட்டில் அவரை மறந்ததற்காக மனம் வருந்தவேண்டும் என்றும் பாராளுமன்றம் ஆணையிட்டது. 1645இல் பொது ஜெபப் புத்தகத்திற்குப் பதிலாக வந்த பொது வழிபாட்டு நெறிநூல், நற்செய்தியின் காலத்தில் கர்த்தருடைய நாளைத் தவிர வேறு நாளை ஆசரிக்கத் திருமறையில் கட்டளை இல்லை என்று அறிவித்தது. 1647 ஜூனில் கிறிஸ்து பிறப்பு, உயிர்த்தெழுதல், பெந்தெகொஸ்தே ஆகிய பண்டிகைகள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன.

ஆனால் பண்டிகைகள் மறைந்தபோது தொழில் பயில்வோரும் வேலைக்காரரும் தங்கள் விடுமுறைகளை இழந்தனர். அவர்களுடைய முறையீட்டின் பேரில், ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அவர்களுக்குப் பொழுதுபோக்கின் நாளாக அதே ஆண்டு சட்டத்தால் வழங்கப்பட்டது. திருமறையில் கட்டளை இல்லை என்று திருநாள்களை நீக்கியவர்களே, கட்டளை எதுவுமில்லாத செவ்வாய்க்கிழமையை நியமிக்க நேர்ந்தது. மனிதனுக்கு ஓய்வு தேவை என்னும் உண்மை எந்தக் கொள்கையையும் வந்து எட்டிவிடுகிறது.

1647 டிசம்பர் 25 சனிக்கிழமை. கந்தர்பரி நகரத் தலைவர் அன்று கடைகளைத் திறந்து சந்தையை நடத்தக் கட்டளையிட்டார். மக்கள் திரண்டு, திறந்திருந்த கடைகளைச் சூறையாடினர். அக்கலகத்தின் தொடர்ச்சியாகவே அடுத்த ஆண்டு கெண்ட் மாவட்டத்தில் கிளர்ச்சி மூண்டது. பத்தாண்டுகளுக்குப் பின், 1657ஆம் ஆண்டு அதே நாளில், இலண்டன் எக்ஸிட்டர் இல்லச் சிற்றாலயத்தில் திருவிருந்து நடந்துகொண்டிருக்கையில் போர்வீரர் சூழ்ந்துகொண்டதை ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். திருவிருந்து பெறச் சென்றோரை நோக்கித் துப்பாக்கிகள் நீட்டப்பட்டன. கிறிஸ்துவின் பிறப்பை நினைவுகூர்ந்ததற்கு விளக்கம் கேட்கப்பட்டது. கடலுக்கப்பால் மாசச்சூசெட்ஸ் குடியேற்றம் 1659இல் இப்பண்டிகையை ஆசரிப்போருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தது. அச்சட்டம் 1681 வரை நீக்கப்படவில்லை.

5. சிறைப்பட்ட அரசனின் வினா

1647 ஏப்ரலில் முதலாம் சார்லஸ் ஹோம்பி இல்லத்தில் பாராளுமன்றத்தின் காவலில் இருந்தான். அப்போது தன்னைக் காத்திருந்த பாராளுமன்ற ஆணையர்களிடம் ஒரு வினாவை எழுதிக் கொடுத்தான். உயிர்த்தெழுந்த பண்டிகையை நீக்கியது ஏன்? ஓய்வுநாளை ஞாயிற்றுக்கு மாற்றிய அதே அதிகாரமன்றோ அப்பண்டிகையையும் ஏற்படுத்தியது? சனியை விட்டு ஞாயிற்றை ஆசரிக்கத் திருமறையில் கட்டளை எங்கே? ஒன்றைத் திருச்சபையின் அதிகாரத்தால் ஏற்றால் மற்றொன்றையும் ஏற்க வேண்டுமே என்பது அவ்வினாவின் கருத்து.

அவ்வரசனுடைய ஆட்சியில் நாம் மெச்சுதற்குரியவை மிகச் சிலவே. மனச்சாட்சிக்காக ஓர் அறிக்கையை வாசிக்க மறுத்த குருமாரை வருத்தியவன் அவன். ஆயினும் அவன் கேட்ட கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, திருமறையில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டதும் அதிலிருந்து தக்க முறையில் அவசியமாய்ப் பெறப்படுவதும் சபைக்குச் சட்டம் என்று கூறுகிறது. ஞாயிற்றைக் கிறிஸ்தவ ஓய்வுநாளென அது நிறுவுவது இவ்வாறு பெறப்பட்ட முடிவினாலேயாம். உயிர்த்தெழுதலின் நாள், அப்போஸ்தலரின் நடைமுறை, ஆதிச்சபையின் ஒருமித்த வழக்கம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே அம்முடிவு எட்டப்படுகிறது. இது நல்ல வாதமே. ஆனால் இவ்வாதத்தில் திருச்சபையின் நினைவும் வழக்கமும் ஏற்கெனவே சாட்சிகளாக நிற்கின்றன. ஞாயிற்றுக்கு அச்சாட்சியை ஏற்றுப் பண்டிகைக்கு அதைக் கேளாமலே தள்ளுவது எளிதன்று.

அதே வேளையில், பண்டிகைகளின் பக்கம் நின்றோர்க்கும் இவ்வினா ஓர் எச்சரிக்கையாகும். திருச்சபை ஏற்படுத்தியதைத் திருச்சபை திருத்தவும் நிறுத்தவும் கூடும். அதைத் தேவகட்டளை போல மனச்சாட்சியின்மேல் சுமத்த அதற்கு உரிமையில்லை. 1660இல் முடியாட்சி மீண்டபோது பண்டிகைகளும் மீண்டன. ஆனால் தூய்மைவாதிகளின் ஞாயிறும் மறையவில்லை. 1677ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காத்தது. பின்னாளில் நம் நாட்டுக்கு வந்த மிஷனெரிகள் பலர் இவ்விரண்டையும் ஒருசேரக் கொண்டுவந்தனர்.

6. தோற்றம் பற்றிய வாதம்

பண்டிகையின் தோற்றம் புறச்சமயத்தது என்ற வாதத்திற்கும் இக்காலமே வலிமை தந்தது. 1633இல் வில்லியம் பிரின் எழுதிய பெருநூல், கிறிஸ்து பிறப்புக் களியாட்டங்களை உரோமரின் சத்துர்னாலியா விழாவின் வழிவந்தவையாகக் காட்டியது. கிறிஸ்து பிறந்தநாள் திருமறையில் இல்லை என்பதும், குடியும் சூதும் பண்டிகையை மூடியிருந்தன என்பதும் உண்மையே. ஆனால் தோற்றம் பற்றிய சான்றுகள் இவ்வாதம் கருதுமளவுக்குத் தெளிவானவையல்ல.

டிசம்பர் 25ஐக் கிறிஸ்துவின் பிறந்தநாளாகக் குறிக்கும் மிகப் பழைய உறுதியான சான்று, 354ஆம் ஆண்டில் உரோமையில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி நூலில் உள்ளது. அதிலுள்ள பட்டியல் 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே நாளை வெல்லப்படாதவனின் பிறந்தநாள் என்று சூரியனுக்கு உரியதாகக் காட்டும் குறிப்பும் அதே நூலின் மற்றொரு பகுதியிலேயே காணப்படுகிறது. அவுரேலியன் பேரரசன் 274இல் சூரியனுக்குக் கோவில் எடுத்தது உண்மை. ஆயினும் அந்த டிசம்பர் விழா கிறிஸ்தவப் பண்டிகைக்கு முந்தியது என்று நிறுவ இது போதாது. சத்துர்னாலியாவோ டிசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்துவிடும். மற்றொரு விளக்கமும் உண்டு. கிறிஸ்து மரித்த நாள் மார்ச் 25 என மேற்கில் சிலர் கணித்தனர். அவர் கருவில் உருவானதும் அதே நாளிலென்று கொண்டனர். அதிலிருந்து ஒன்பது மாதம் கடந்தால் டிசம்பர் 25 வரும். இக்கணிப்பை அகுஸ்தீன் குறிப்பிடுகிறார். கிழக்கில் ஜனவரி 6 இவ்விடத்தைப் பெற்றிருந்தது. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் அந்நாளையே ஆசரிக்கிறது. இவ்விரு விளக்கங்களையும் அறிஞர் இன்றும் எடைபோட்டு வருகின்றனர்.

புறச்சமயச் சூழல் இருந்ததை மறைக்கவும் வேண்டாம். ஐந்தாம் நூற்றாண்டில் மகா லியோ, பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறியபின் திரும்பிச் சூரியனை வணங்கிய கிறிஸ்தவர்களைக் கிறிஸ்து பிறப்புப் பிரசங்கத்திலேயே கண்டித்தார். பண்டிகையை அவர் நிறுத்தவில்லை. வணக்கம் யாருக்கு உரியது என்பதைத் தெளிவாக்கினார். நம் தமிழிலும் ஞாயிறு என்பது சூரியனின் பெயரே. ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லி ஆலயத்துக்குச் செல்லும் தமிழ்க் கிறிஸ்தவர் எவரும் சூரியனை நினைப்பதில்லை. ஒரு பெயரின் அல்லது நாளின் வேர் எங்கிருந்து வந்தது என்பது வரலாற்றுக் கேள்வி. அது இன்று யாரை அறிவிக்கிறது என்பது விசுவாசக் கேள்வி. முன்னதன் விடையைக் கொண்டு பின்னதைத் தீர்க்க இயலாது.

7. திருநெல்வேலியை எட்டிய கேள்வி

பிராபோர்னின் கேள்வி அவரோடு மறையவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டனில் ஏழாம் நாள் பாப்திஸ்து சபைகள் தோன்றின. அவர்களுடைய வழிவந்தோர் 1671இல் அமெரிக்காவில் ரோட் தீவின் நியூபோர்ட்டில் ஒரு சபையை அமைத்தனர். 1844ஐ ஒட்டி, அச்சபைப் பிரிவைச் சேர்ந்த ரேச்சல் ஓக்ஸ் என்னும் பெண்மணியின் வாயிலாக இக்கொள்கை நியூஹாம்ஷயரில் கிறிஸ்துவின் வருகைக்குக் காத்திருந்தோரிடம் பரவிற்று. 1863இல் ஏழாம் நாள் அட்வெந்து சபை முறையாக அமைந்தது.

இதற்கிடையில், இத்தொடர்பு எதுவுமின்றித் திருநெல்வேலியில் ஒரு சபை அதே நாளை அடைந்திருந்தது. நாசரேத்தில் எஸ்.பி.ஜி. மிஷனில் பணியாற்றிய அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை எபிரெயமும் கிரேக்கமும் கற்றவர். மிஷனெரியோடு ஏற்பட்ட பிணக்காலும், தம் சமூகத்தைக் குறித்துக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல் விளைத்த மனப்புண்ணாலும், அவரும் அவரைச் சார்ந்தோரும் பிரிந்து, 1857இல் பிரகாசபுரம் எனப்படும் மூக்குப்பேரியில் தனிச்சபை கண்டனர். ஐரோப்பிய வழக்கமெனத் தோன்றியவற்றை நீக்கி, பழைய ஏற்பாட்டு முறைகளைத் தழுவி, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தனர். 1908இல் அட்வெந்து சபையின் ஜே. எஸ். ஜேம்ஸ் பிரகாசபுரத்தில் தங்கிப் பணி தொடங்கியது, அங்கு ஓய்வுநாளை ஆசரிப்போர் ஏற்கெனவே இருந்ததனாலேயாம்.

இங்கிலாந்தில் எழுந்த வழக்கும் மூக்குப்பேரியில் எழுந்த வழக்கும் ஒரே நாளில் வந்து நின்றன. ஆனால் அவற்றின் உள்ளுணர்வு வேறு. பிராபோர்ன் கேட்டது கற்பனையின் எழுத்தைப் பற்றி. சட்டாம்பிள்ளையின் கூட்டத்தார் கேட்டதில், அந்நியருடைய பழக்கத்தை நற்செய்தியென்று ஏற்கவேண்டுமா என்ற மானக் கேள்வியும் கலந்திருந்தது. நாளைப் பற்றிய விவாதத்தில் இறங்குமுன், அக்கேள்வியைக் கேட்பவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்று ஆயர் உணர்ந்துகொள்ள வேண்டும். ஓய்வுநாளைப் பற்றிப் பேசுவோர் சிலவேளைகளில் தங்கள் காயத்தைப் பற்றியே பேசுகின்றனர்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளை நாம் பெறலாம்.

முதலாவது, ஒரே அளவுகோலை இரு கேள்விகளுக்கும் பயன்படுத்த வேண்டும். கட்டளை இல்லை என்று பண்டிகையைத் தள்ளி, அதே மூச்சில் ஞாயிற்றைக் கட்டளையென்று நாட்டுவோருக்குப் பிராபோர்னின் வினா காத்திருக்கிறது. ஞாயிற்றையும் பண்டிகைகளையும் திருச்சபை உயிர்த்தெழுந்தவரின் நினைவில் சுயாதீனமாக ஏற்றது என்று நாம் சொல்லலாம். ஏற்காத சகோதரனை அதன் பேரால் குற்றப்படுத்தலாகாது. ஞாயிற்றின் வேர் அப்போஸ்தலர் காலத்தது, பண்டிகையின் வேர் பிற்காலத்தது என்னும் வேறுபாட்டையும் மறைக்கலாகாது.

இரண்டாவது, நாள்களுக்காக வாளும் அபராதமும் எழுந்த இடத்திலெல்லாம் நற்செய்தி சேதமடைந்தது. டிராஸ்க்கின் நெற்றியில் சூடிட்டவர்கள் பண்டிகைகளைக் காத்தவர்கள். எக்ஸிட்டர் இல்லத்தில் துப்பாக்கி நீட்டியவர்கள் பண்டிகைகளை ஒழித்தவர்கள். பொலிக்கார்ப்பும் அனிசேத்துவும் நாளில் வேறுபட்டும் ஒரே பந்தியில் அமர்ந்த காட்சி இவ்விரு சாராரையும் கடிந்துகொள்கிறது.

மூன்றாவது, ஓய்வுநாள் கற்பனையின் உயிர் எங்கே உள்ளது என்று காணவேண்டும். உபாகமம் அக்கற்பனையைச் சொல்லும்போது, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்பதையும், நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதையும் காரணமாக வைக்கிறது (உபா. 5:14,15). 1618இன் அறிக்கையும் 1647இன் செவ்வாய்க்கிழமையும், ஒன்றுக்கொன்று பகையான இரு ஆட்சிகளிலிருந்து வந்தும், இவ்வுண்மைக்குத் தம்மையறியாமல் தலைவணங்கின. எந்த நாள் என்று நாம் வழக்காடிக்கொண்டிருக்கையில், அந்நாளில் யாருக்கு ஓய்வு கிடைக்கவில்லை என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது. ஞாயிறு ஆராதனைக்கும் டிசம்பர் 25ஆம் நாள் விருந்துக்கும் நாம் போகும்போது, நம் வீட்டு அடுக்களையிலும் கடையிலும் வயலிலும் நமக்காக உழைப்போர் உண்டு. அவர்களுக்கு ஒரு நாளை விடுவித்துக் கொடுக்கும் சபை, சனியா ஞாயிறா என்ற கேள்விக்குத் துண்டுப் பிரதிகளைவிட உறுதியான விடை தந்ததாகும்.